கோளாறு வந்தபின் விமானத்தை ஓட்டுவது யார்?

வலதிருக்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் சிமுலேட்டர் பயிற்சியில் நேர்ந்த ஒன்று மனத்தை விட்டு அகலாமல் இருப்பதால், அதை இங்கே எழுதி, நெடுநாள் அனுபவம் உள்ளவர்களிடம் கருத்துக் கேட்கிறேன்.

நான் துணை விமானி. அந்த அமர்வில் விமானத்தை ஓட்டும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. தரையிறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் மடிப்புகளைச் சிறிது இறக்கி, 3,000 அடியில் ஏறாமலும் இறங்காமலும் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஹைட்ராலிக் தொகுதியில் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை வந்தது. ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ராட்டில் அந்தப் பயிற்சிக்காக முன்னரே அணைக்கப்பட்டிருந்தது. கேப்டன், கோளாறு வந்தால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான செக்லிஸ்டை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அதில் ஒரு வரி எங்கள் நிலைமைக்குப் பொருந்துமா பொருந்தாதா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். இருவரும் அந்த வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பயிற்றுநர் சிமுலேட்டரை நிறுத்தினார். வேகம் வேண்டியதைவிட 22 நாட் (மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ.) குறைந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே: "கடந்த 40 நொடிகளில் இந்த விமானத்தை ஓட்டியது யார்?" எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

என் ஐயம் இதுதான். "எது நடந்தாலும் முதலில் விமானத்தை ஓட்டு" என்பதை முதல் நாள் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். அதை நானும் அறிந்தவன்தான். அறிந்தும் குனிந்தேன் என்றால், அறிவுரைக்கு மேல் வேறு ஏதோ தேவைப்படுகிறது. கோளாறு வந்தவுடன் கேப்டனே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வது நல்லதா, அல்லது துணை விமானியிடம் விட்டுவிட்டு அவர் கோளாற்றைக் கவனிப்பது நல்லதா?

பழைய கேப்டன் எழுதியது:

உங்கள் பயிற்றுநர் கேட்டது 1972 முதல் இந்தத் துறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஓய்வு பெறும்வரை பயிற்சி அளித்தவன் என்ற முறையில் அந்தக் கதையை முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன். பலர் அதைச் சுருக்கமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் 401 என்ற டிரைஸ்டார் விமானம் நியூயார்க்கிலிருந்து மயாமியை நெருங்கியது. சக்கரங்களை இறக்கியபோது முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. இறங்குவதைக் கைவிட்டு 2,000 அடிக்கு ஏறி, மேற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் மேல் சென்றார்கள். கீழே ஒரு விளக்கும் இல்லாத இருட்டு. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானியிடம் ஆட்டோபைலட்டைப் போடுமாறு கேப்டன் சொன்னார். அதன் பிறகு அந்தத் துணை விமானியே எரியாத விளக்கின் உறையைக் கழற்றினார். திரும்பப் பொருத்தும்போது அது சிக்கிக்கொண்டது. கேப்டன் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். விமானப் பொறியாளர், முன்சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று நேரில் பார்ப்பதற்காகத் தரைக்கு அடியிலுள்ள மின்னணு அறைக்குள் இறங்கினார். விமானி அறையில் பயணம் செய்துகொண்டிருந்த பராமரிப்பு வல்லுநரும் அவருக்கு உதவப் போனார்.

நான்கு பேர். நால்வரும் தேர்ந்தவர்கள். நால்வரின் கவனமும் ஒரு விளக்கில். இடையில் யாரோ கட்டுப்பாட்டுத் தண்டை மெல்ல அழுத்தியதில், உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட்டின் அமைப்பு விலகியது. விமானம் உணர முடியாத அளவு மெதுவாக இறங்கத் தொடங்கியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் இறங்கித்தான் இருந்தது. விளக்கினுள் இருந்த இரண்டு பல்புகளும் எரிந்துபோயிருந்தன, அவ்வளவே.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர் என்பதை. கோளாற்றை ஆராய்வதில் முழுக் கவனத்தோடு இருந்தார்கள். அங்கே இல்லாமல் போனது ஒரே ஒரு வாக்கியம்: "நீ உயரத்தையும் வேகத்தையும் மட்டும் பார், வேறு எதையும் தொடாதே." அந்த வாக்கியத்தை எவரும் எவரிடமும் சொல்லவில்லை. ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்ததே போதும் என்று எல்லோரும் கருதினார்கள்.

கருவிப்பொறியாளர் எழுதியது:

பழைய கேப்டன் அவர்கள் சொன்னதோடு இயந்திரத்தின் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். விமானத்தைப் பழுது பார்ப்பவன் என்பதால் இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, அந்த விமானத்தின் ஆட்டோபைலட்டில் இருந்த, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் இரண்டு பிட்ச் கணினிகளும் ஒரே அளவு விசைக்கு விலகக்கூடியவையாக இருக்கவில்லை. ஒன்று 15 பவுண்டு அழுத்தத்துக்கும் மற்றொன்று 20 பவுண்டு அழுத்தத்துக்கும் விலகும் நிலையில் இருந்தன. ஆகவே கேப்டன் பக்கத்துத் தண்டில் இடைப்பட்ட அழுத்தம் விழுந்தால், உயரப் பிடிப்பு விலகிவிடும். ஆனால் துணை விமானியின் பக்கத்து அறிவிப்பு விளக்கு, உயரப் பிடிப்பு இன்னும் இருப்பதாகவே காட்டக்கூடும். இரண்டாவது, வைத்த உயரத்திலிருந்து 250 அடி விலகியதும் எச்சரிக்கை ஒலி எழுந்தது. பதிவுக் கருவியில் அது பதிவாகியும் இருக்கிறது. ஆனால் அந்த ஒலிபெருக்கி விமானப் பொறியாளரின் இருக்கைக்கு அருகே இருந்தது, ஒலித்ததோ அரை நொடி. அந்த இருக்கைக்கு உரியவர் அப்போது கீழே இருந்தார்.

எச்சரிக்கை இருந்தது, கேட்பதற்கென்று ஒருவர் அங்கே இல்லை. கருவிகளை வடிவமைப்பவர்கள் ஒவ்வோர் இருக்கையிலும் ஓர் ஆள் தன் வேலையில் இருப்பார் என்று எண்ணி வடிவமைக்கிறார்கள். கோளாறு வந்தால் முதலில் கலைவது அந்த இருக்கை ஒழுங்குதான்.

அணுகுதடம் எழுதியது:

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணிபுரிபவன் நான். அந்த இரவில் எங்கள் தரப்பும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் தன் திரையில் அந்த விமானம் 900 அடியில் இருப்பதாகக் கண்டார். அவர் கேட்டது, அங்கே எல்லாம் எப்படிப் போகிறது என்ற பொருள்படும் கேள்வி. திரும்பி வந்து இறங்க விரும்புவதாக அவர்கள் சொன்னார்கள். கோளாறு தீர்ந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். "உங்கள் உயரம் 900 அடி எனத் தெரிகிறது" என்று எண்ணைச் சொல்லியிருந்தால், எண் விமானியின் கண்ணைக் கருவிக்குக் கொண்டுபோயிருக்கும். அக்காலத் திரைகளில் உயரம் சிறிது நேரம் தவறாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டாளரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம், ஐயம் எழுந்தால் நலம் விசாரிக்காமல் எண்ணைச் சொல்லுங்கள் என்று சொல்கிறேன்.

பின்னர் நிலத்தை நெருங்குவதை விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவியும், எங்கள் ராடாரில் மிகத் தாழ்ந்த உயரத்துக்கான எச்சரிக்கையும் வந்தன. இரண்டும் உயிர்களைக் காப்பவை. என்றாலும் அவை கடைசி நொடிகளுக்கானவை. வலதிருக்கை அவர்கள் கேட்பது அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி.

இடதிருக்கை எழுதியது:

இதுவரை எழுதியவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் இந்த இழையில் உருவாகி வருகிறது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்தது அதற்கு நேர் எதிர்ச் சான்று.

யுனைடெட் 173, ஒரு டி.சி.-8 விமானம். சக்கரம் இறங்கும்போது வழக்கத்துக்கு மாறான அதிர்ச்சியும் ஒலியும். சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று உறுதிசெய்யவும், அவசரத் தரையிறக்கத்துக்குப் பயணிகளை ஆயத்தப்படுத்தவும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே சுற்றினார்கள். அங்கே பொறுப்பு பிரிக்கப்படாமல் இல்லை. துணை விமானி ஓட்டினார். கேப்டன் கோளாற்றைக் கவனித்தார். எரிபொருளைப் பார்ப்பது விமானப் பொறியாளரின் வேலை. அவர் பார்க்கவும் செய்தார், இன்னும் 15 நிமிடம் சுற்றினால் எரிபொருள் மிகக் குறைந்துவிடும் என்று சொல்லவும் செய்தார். கேப்டனுடைய மனத்தில் அது எண்ணாகப் பதிந்ததே தவிர, நேரமாகப் பதியவில்லை. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இறந்த 10 பேரில் அந்தப் பொறியாளரும் ஒருவர்.

ஆகவே என் கேள்வி வேறு. பார்ப்பதற்கு ஆள் வைத்துவிட்டோம். பார்த்தவர் சொன்னது எடுபட என்ன செய்தோம்? அந்த விபத்தின் விசாரணைக்குப் பிறகுதான், விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது, எப்படிச் செவிகொடுப்பது என்பதற்கான பயிற்சி வேரூன்றியது. யுனைடெட் நிறுவனம் 1981-இல் அதைத் தொடங்கியது. பதவி உயர்ந்தவரின் கவனம் கோளாற்றில் சிக்கும்போது, பதவி குறைந்தவர் மெல்லிய குறிப்பாகச் சொல்வது காதில் ஏறாது. "எரிபொருள் குறைகிறது" என்பது செய்தி. "இன்னும் ஐந்து நிமிடத்தில் நாம் ஓடுபாதையை நோக்கித் திரும்பியாக வேண்டும்" என்பது முடிவைக் கோரும் பேச்சு. இரண்டும் வேறு.

பழைய கேப்டன் எழுதியது:

இடதிருக்கை அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். நான் பிரிப்பை மட்டும் சொல்லி நிறுத்தியது குறைதான். ஆனாலும் போர்ட்லாந்திலிருந்து நான் எடுக்கும் பாடம் சற்று வேறுபட்டது. அங்கே கேப்டன் சக்கரத்தையும், பயணிகளின் ஆயத்தத்தையும், முழு நிலைமையையும் தாமே சுமந்தார். முழு நிலைமையையும் நேரத்தையும் பார்க்க வேண்டியவர் ஒரு உறுப்பின் பழுதுக்குள் இறங்கிவிட்டால், மேலிருந்து பார்க்க எவரும் இல்லை. அதனால்தான் கேப்டன் ஓட்டும் வேலையைத் துணை விமானியிடம் விட்டுவிட்டு, கைகள் வெறுமையாக, மனம் விரிந்து இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி வந்தேன். இன்றும் அதுவே என் கருத்து.

இடதிருக்கை எழுதியது:

அது எல்லா இடத்திலும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை, ஐயா. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் 32-ஐ எடுத்துக்கொள்வோம். ஏ380 விமானத்தின் இரண்டாம் எஞ்சினில் ஒரு தட்டு உடைந்து சிதறி, இறக்கையைத் துளைத்து, கம்பிகளையும் குழாய்களையும் அறுத்தது. எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிந்தன. அவற்றைப் படித்து முடிக்கவே ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆயின. அங்கே விமானத்தை ஓட்டியவர் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியே. துணை விமானி திரையில் வந்த எச்சரிக்கைகளை வரிசையாகக் கையாண்டார். மேலும் மூன்று விமானிகள் அறையில் இருந்தார்கள். ஒருவர் பயணிகள் பகுதிக்குப் போய் இறக்கையைக் கண்ணால் பார்த்து வந்தார், தரையிறங்கும் தொலைவைக் கணக்கிடும் வேலையிலும் மற்றவர்கள் கைகொடுத்தார்கள். விமானத்தில் இருந்த 469 பேரும் காயமின்றி இறங்கினார்கள்.

அந்தக் கேப்டன் செய்த ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். பழுதானவற்றின் பட்டியல் மனத்தில் கொள்ளாத அளவு நீண்டபோது, எது கெட்டது என்று எண்ணுவதை விட்டு, எது இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணத் தொடங்கினார். ஓட்டிக்கொண்டே அவரால் அப்படிச் சிந்திக்க முடிந்ததற்குக் காரணம், பட்டியலுக்குள் அவர் குனியாததுதான்.

யார் ஓட்டுவது என்பதைவிட, ஓட்டுபவர் பட்டியலுக்குள் நுழையாமல் இருக்கிறாரா என்பதே கேள்வி என்று நினைக்கிறேன். பல நிறுவனங்களின் நடைமுறையில், எச்சரிக்கை வந்ததும் ஓட்டுபவர் விமானத்தோடு ரேடியோவையும் எடுத்துக்கொள்கிறார். மற்றவர் செக்லிஸ்டில் இறங்குகிறார். அனுபவம் குறைந்த துணை விமானியும் மோசமான வானிலையும் சேர்ந்தால் கேப்டன் ஓட்டுவது நல்லது. கோளாறு சிக்கலானது, வானம் தெளிவு என்றால் பழைய கேப்டன் அவர்களின் முறை நல்லது.

பழைய கேப்டன் எழுதியது:

"பட்டியலுக்குள் குனியாததுதான்" என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறேன். என் முறையின் உயிரும் அதுதான். நான் அதை இருக்கையோடு கட்டிவிட்டேன்.

கருவிப்பொறியாளர் எழுதியது:

கோளாறு என்பது பழுது பார்க்கத் தூண்டும். எங்கள் தொழிலில் அது நற்குணம். வானத்தில் அது ஆபத்து. 2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஏர் ஏஷியா 8501-இல், சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் கருவியின் மின்சுற்றுப் பலகையில் ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. அதனால் ஒரே எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் நடைமுறைப்படி கையாண்டார்கள். அந்த எச்சரிக்கை விமானத்தை வீழ்த்தக்கூடியது அன்று. நான்காம் முறை வந்த பிறகு, விமானத்தைக் கட்டுப்படுத்த உதவும் கணினிகளின் மின்சாரத்தைத் துண்டித்து மீட்பது போன்ற அடையாளங்கள் பதிவில் உள்ளன. சில நாட்களுக்கு முன் தரையில் ஒரு பொறியாளர் அவ்வாறு செய்ததை அந்தக் கேப்டன் கண்டிருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. தரையில் நிற்கும் விமானத்துக்கு அது பழுது நீக்கும் முறை. பறக்கும் விமானத்தில் அது ஆட்டோபைலட்டையும் பாதுகாப்பு வரம்புகளையும் பறித்தது. விமானம் சாய்ந்தது, துணை விமானி மேல்நோக்கி இழுத்தார், இருவருக்கும் இடையில் வந்த கட்டளையும் தெளிவாக இல்லை. 162 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

திரும்பத் திரும்ப வரும் சிறு எச்சரிக்கை, ஒருமுறை வரும் பெரிய எச்சரிக்கையைவிட மனத்தை அதிகம் அரிக்கிறது. அதை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற வேட்கை வருகிறது. என் சொந்தப் பணியில், இரவுப்பணி முடியும் நேரத்தில், ஒரே அறிவிப்பு மூன்றாம் முறை வந்தபோது கையேட்டைத் திறக்காமலே கை சுவிட்சை நோக்கிப் போனது நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தது தரையில்.

அணுகுதடம் எழுதியது:

ரேடியோவைப் பற்றி ஒரு சொல். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் விழுந்த போயிங் 737-400-இல் பழுதானது இடது எஞ்சின். விமானிகள் நிறுத்தியது வலது எஞ்சின். அதிர்வு குறைந்ததால் சரியானதைச் செய்ததாக நம்பினார்கள். பின்னர் கேப்டன் நடந்ததை மீண்டும் நினைத்துப் பார்க்கத் தொடங்கியபோது, ரேடியோ அழைப்பு குறுக்கிட்டது. அந்த ஆய்வு முடியவே இல்லை. துணை விமானியோ இறங்கவேண்டிய விமான நிலையத்தைக் கணினியில் பதிவதில் போராடிக்கொண்டிருந்தார். 47 பேர் இறந்தார்கள்.

பயணிகள் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு என்று நாங்கள் கேட்பது மீட்புக் குழுவுக்குத் தேவையானது. ஆனால் அந்தக் கேள்வி விமானியின் சிந்தனையை நடுவில் அறுக்கக்கூடும். "காத்திருங்கள்" என்று விமானி ஒரு சொல்லில் பதில் தந்தால் எங்களில் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். தயங்காமல் சொல்லுங்கள்.

இடதிருக்கை எழுதியது:

இதோடு தொடர்புடைய ஒன்று. 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சு கூடாது என்ற விதியை அமெரிக்காவில் 1981-இல் கொண்டுவந்தார்கள். இன்று பரவலாக எங்கும் பின்பற்றுகிறோம். அது வீண்பேச்சைத் தடுக்கும். ஆனால் எரியாத விளக்கைப் பற்றிய பேச்சு வீண்பேச்சு அன்று, அது பணியே. பணியின் உருவில் வரும் கவனச்சிதறலை எந்த விதியாலும் பெயர் சொல்லித் தடைசெய்ய முடியாது. "ஓட்டாத விமானி" என்று அழைத்து வந்த இருக்கையைப் பின்னாளில் "கண்காணிக்கும் விமானி" என்று பெயர் மாற்றியதை நான் சிறிய செயலாகக் கருதவில்லை. எதைச் செய்யாதவர் என்பதை மாற்றி, எதைச் செய்பவர் என்று சொன்னார்கள்.

வலதிருக்கை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. எஞ்சினை நிறுத்துவது போன்ற, திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு இருவரும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது நடைமுறை. அப்போது ஓட்டுபவரும் குனிந்து பார்க்கத்தானே வேண்டும்? மேலும், கேப்டன் "பாருங்கள்" என்று சொல்லும்போது பார்க்க மறுப்பது எப்படி?

பழைய கேப்டன் எழுதியது:

மறுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். உறுதிசெய்யும் பார்வை ஒரு நொடிப் பார்வை: கை எந்தச் சுவிட்சின் மேல் இருக்கிறது, அது சரியான எஞ்சினுடையதா, அவ்வளவே. வேகத்தையும் உயரத்தையும் பார்த்துவிட்டுப் பாருங்கள், பார்த்தவுடன் திரும்பி வாருங்கள். ஆனால் படித்துப் பொருள் காண வேண்டிய வரி என்றால், அது ஒரு நொடியில் முடியாது. அப்போது கட்டுப்பாட்டை வாய்விட்டுக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். அவர் வாய்விட்டு ஏற்றுக்கொள்ளும்வரை உங்கள் கண் கருவியை விட்டு நகரக் கூடாது. எந்த நல்ல கேப்டனும் இதை அவமதிப்பாகக் கொள்ள மாட்டார். கொள்பவரோடு பறக்க நேர்ந்தால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

வலதிருக்கை எழுதியது:

நேற்று அதே கேப்டனோடு அதே பயிற்சியை மீண்டும் செய்தோம். எச்சரிக்கை வந்தது, அதே வரியில் அவர் நின்றார், "இதைப் பாருங்கள்" என்றார். "கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பின் செக்லிஸ்டை என் மடியில் வைத்துவிட்டு, "கட்டுப்பாடு என்னிடம்" என்றார். வரியைப் படித்தேன், எங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது என்பது தெரிய 30 நொடிகளுக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் வேகம் குறையத் தொடங்கியதையும், அவர் கை எஞ்சின் விசையைக் கூட்டியதையும் நான் பார்க்கவில்லை. பயிற்றுநர் பின்னர் பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது.